தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்: எங்கள் நைனாவும் என் 11 பக்க ஆதாரமும்

தொரப்பாடியான்:
ஒரு மனிதரிடம் ஆதாரத்தைக் காட்டினால் அவர் மனம் மாற வேண்டுமா, இன்னும் முறுக்கிக்கொள்ள வேண்டுமா? யாராவது சொல்லுங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது.

எங்கள் நைனாவுக்கு 68 வயது, சர்க்கரை வந்து 16 வருடம். ஒரு வருடத்துக்கு முன்னால் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று. மறுநாளே நடந்தார். அதற்கு அடுத்த நாள் பார்த்தால் 20 புள்ளி குறைந்திருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் விடியற்காலை ஏரிக்கரைப் பக்கம் வெறுங்கால் நடை. அதற்கு ஒரு டைரி வேறு. குறைந்த நாட்களைச் சிவப்பு மையில் எழுதுவார். கூடிய நாட்களை எழுதவே மாட்டார், கேட்டால் "அது ராத்திரி உங்கம்மா போட்ட இட்லி" என்பார்.

போன மாதம் வேலிக்காத்தான் முள் ஒன்று காலில் ஏறி, அதோடு நாள் முழுக்க நடந்திருக்கிறார், தெரியவே இல்லை. சாயங்காலம் அம்மா கூடத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தத்தைப் பார்த்துவிட்டு, எலி ஏதோ அடிபட்டிருக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் தேடினார். மருத்துவமனையில் கண்ணை மூடச் சொல்லி நைலான் நூல் மாதிரி ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார்கள். ஆறு இடம் தொட்டு முடித்த பிறகு நைனா கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?"

சரி, இதோடு புரிந்துவிடும் என்று நினைத்தேன். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதே சொல்லிவிட்டார்: "அந்த நூலு ரொம்ப மெல்லிசு. உனக்கு வெச்சாலும் தெரியாது." எம்.சி.ஆர். என்ற மெத்து ரப்பர் போட்ட செருப்பு எழுதிக் கொடுத்தார்கள், வாங்கினோம். "இன்னாத்துக்கு இது? பெருவியாதிக்காரன் செருப்பு, நாலு பேர் இன்னா நினைப்பான்" என்று பரணில் போட்டுவிட்டார். நான் விடவில்லை. நீரிழிவுப் பாதம் பற்றி 11 பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பொறுமையாக முழுவதும் படித்தார். ஏழாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைப் பென்சிலால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வெயிலூரான்:
வயசானவங்க அப்படித்தான். முயலுக்கு மூணே கால், நீங்க நாலாவது காலைப் பிடிச்சு இழுத்துக் காட்டினாலும் அது வாலுன்னுவாங்க. விட்டுடுங்க.

கணக்கு வாத்தியார்:
வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் குடியாத்தம் பக்கம் 31 வருடம் கணக்கு நடத்தியவன், பத்தாம் வகுப்புப் பையனும் இதே வேலையைத்தான் செய்கிறான். ஒரு புதிர் போடுகிறேன், நேர்மையாகப் பதில் சொல்லுங்கள், தேடிப் பார்க்கக் கூடாது.

மேசையில் நாலு அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். இப்போது மேலே தெரிவது: அ, க், 4, 7. "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்" என்று நான் சொல்கிறேன். நான் சொல்வது சரியா என்று பார்க்க எந்த எந்த அட்டையைத் திருப்புவீர்கள்? வேண்டாததைத் திருப்பக் கூடாது.

வெயிலூரான்:
அ, 4. இதுல என்ன புதிர்?

பாலாற்று மணல்:
அ-வும் 4-ம்.

தொரப்பாடியான்:
அ மட்டும்?

கணக்கு வாத்தியார்:
மூன்று பேரும் தவறு, வருத்தப்படாதீர்கள், நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1966-இல் போட்ட புதிர் இது, எழுத்தைத் தமிழாக்கியது மட்டும் நான். படித்த இளைஞர்களிலேயே பத்தில் ஒருவர்தான் சரியாகச் சொல்வார். விடை, அ-வும் 7-ம். 4-ஐத் திருப்பிப் பின்னால் க் இருந்தால் என்ன கெட்டது? மெய்யெழுத்துக்குப் பின்னால் என்ன வரும் என்று நான் சொல்லவே இல்லையே. ஆனால் 7-க்குப் பின்னால் ஓர் உயிரெழுத்து இருந்தால் என் பேச்சு அங்கேயே பொய். நாம் 4-ஐ நோக்கிப் போகிறோம், ஏனென்றால் 4 நமக்கு ஆமாம் போடும் அட்டை. நைனாவின் சிவப்பு மை இருக்கிறதே, அதுதான் 4. அவர் எழுதாமல் விட்ட நாட்கள்தான் 7.

இப்போது இதையே பாருங்கள். சாதாரண டவுன் பஸ். செக்கர் ஏறுகிறார். இலவசப் பயணச்சீட்டு வைத்திருந்தால் அவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் கையில் இலவசச் சீட்டு தெரிகிறது, ஆள் முகம் தெரியவில்லை. ஒருவர் கையில் காசு கொடுத்த சீட்டு. ஒரு பெண், சீட்டு தெரியவில்லை. ஓர் ஆண், சீட்டு தெரியவில்லை. யாரைச் சோதிப்பார்?

பாலாற்று மணல்:
இலவசச் சீட்டு வைத்திருப்பவரையும் அந்த ஆளையும். இது எல்லாருக்கும் தெரியுமே.

வெயிலூரான்:
மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநங்கைகளுக்கும்கூட இலவசம்தான் சார். விதியே தப்பு.

கணக்கு வாத்தியார்:
உம்மைப் போல ஒரு மாணவன் வகுப்புக்கு ஒருவன் இருந்துகொண்டே இருந்தான் ஐயா. விதியைத் திருத்திக்கொள்ளும், கணக்கு அதே கணக்குதான். ஃப்ளோரிடாவில் 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் இதே மாதிரி மது அருந்தும் வயதை வைத்துக் கேட்டார்கள், முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். ஆக மூளைக்குத் தர்க்கம் வராமல் இல்லை. யார் ஏமாற்றுகிறான் என்று தேடும்போது பளிச்சென்று வருகிறது, தன் பேச்சைத் தானே சோதிக்கும்போது தூங்கிவிடுகிறது.

கணியம்பாடி அக்கா:
இப்போதுதான் ட்யூட்டி முடிந்து பார்த்தேன். 20 வருடத்துக்கு மேல் காயம் கட்டுகிற வேலை என்னுடையது. தம்பி, அந்த நூல் மெல்லிசு என்று உங்கள் நைனா சொன்னதை நான் மாதம் ஒரு முறையாவது கேட்கிறேன். அது வளையும் வரை அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தம் வருகிற மாதிரி செய்தது. அதுகூடத் தெரியவில்லை என்றால் முள்ளும் ஆணியும் ஏறினாலும் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். ஆனால் இதை அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள், அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

அந்தச் செருப்புக்கு ஒரு கதை உண்டு, அது நம் ஊர்க் கதை. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூருக்கு வந்தார். அப்போது உலகம் முழுக்க என்ன நம்பினார்கள்? தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் விழும் என்று. மருத்துவர்களும் சேர்த்துத்தான். அவர் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேட ஆரம்பித்தார், நோயாளிகளையே தேட வைத்தார். சூடான பாத்திரத்தைப் பிடித்தது, திறக்காத பூட்டில் சாவியைச் சதை கிழியத் திருகியது, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணோம் என்று வந்தவர்களுக்குத்தான் விடை கிடைக்கவில்லை. விழித்திருந்து பார்த்தபோது, எலி. கடித்தாலும் வலிக்காது, அதனால் கையை இழுக்க மாட்டார்கள். அப்புறம் வீட்டுக்கு அனுப்பும்போது ஆளுக்கு ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள். சதை அழுகவில்லை, வலி செத்துவிட்டது, மற்றதெல்லாம் அதன் பின்னால் வருவது. இதைக் கண்ணால் பார்த்த பிறகும் வெளியில் பல மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வருடக்கணக்கில் ஆனது.

வலி தெரியாத காலுக்கு மெத்தென்று ஒரு செருப்பு வேண்டும் என்று இங்கேயும் காட்பாடி தாண்டி கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பாடுபட்டதில் வந்ததுதான் அந்த எம்.சி.ஆர். ரப்பர். சர்க்கரைக் காலும் அதே கால்தான், வலி செத்த கால். நைனா சொன்ன "பெருவியாதிக்காரன் செருப்பு" வரலாற்றுப்படி சரிதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

வெயிலூரான்:
எலி விஷயம் ராத்திரி தூங்க விடாது போல.

உளவியல் மாணவி:
அக்கா, இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நைனா அந்த 11 பக்கத்தில் பிழை கண்டுபிடித்தார் இல்லையா, அதற்கு நேரான ஒரு சோதனை இருக்கிறது. 1979, ஸ்டான்ஃபோர்டு. லார்டு, ராஸ், லெப்பர் என்ற மூன்று பேர், மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்களையும் எதிர்க்கும் 24 பேரையும் எடுத்து, எல்லோருக்கும் இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். ஒன்று, தண்டனையால் குற்றம் குறைகிறது என்றது. மற்றது, குறையவில்லை என்றது. இரண்டுமே அவர்களாக எழுதியவை. கலவையான ஆதாரத்தைப் பார்த்தால் இரு பக்கமும் கொஞ்சம் நடுவுக்கு வர வேண்டும் அல்லவா? தாங்கள் முன்பைவிட உறுதியாகிவிட்டதாகத்தான் இரு பக்கமும் சொன்னது. அதில் யாரும் ஆய்வைப் படிக்காமல் தூக்கிப் போடவில்லை. தனக்குப் பிடிக்காத ஆய்வை அவ்வளவு கூர்மையாகப் படித்து, இந்த ஊரையும் அந்த ஊரையும் ஒப்பிட்டது தப்பு, வேறு காரணங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அருமையாக விமர்சனம் செய்தார்கள். பிடித்த ஆய்வில் அதே ஓட்டை கண்ணில் படவில்லை.

தாமஸ் கிலோவிச் என்பவர் இதைச் சுருக்கமாகச் சொல்வார்: பிடித்த செய்தி வந்தால் "இதை நம்பலாமா" என்று கேட்கிறோம், பிடிக்காத செய்தி வந்தால் "இதை நம்பியே ஆகணுமா" என்று கேட்கிறோம். கேள்வியிலேயே தீர்ப்பு இருக்கிறது.

வெயிலூரான்:
அப்போ நான் முதல்லயே சொன்னது சரி. ஆதாரம் காட்டினால் இன்னும் முறுக்கிக்குவாங்க. இதுக்குப் பேர்கூட ஏதோ உண்டு, எதிர்வினை விளைவோ என்னவோ.

உளவியல் மாணவி:
அதுவும் முழுக்கச் சரியில்லை அண்ணா. 2010-இல் நைஹன், ரைஃப்லர் என்ற இருவர், ஈராக் போர் பற்றிய ஒரு தவறைத் திருத்திச் சொன்னபோது சிலர் அதே தவறை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதாக எழுதினார்கள், அது தீ மாதிரிப் பரவியது. அப்புறம் வுட், போர்ட்டர் என்ற இருவர் 52 விஷயங்களில், 10,000 பேருக்கு மேல் வைத்துத் திரும்பப் பார்த்தார்கள், 2019-இல் வெளிவந்தது. அப்படி முறுக்கிக்கொள்வது ஏறக்குறைய எங்கேயும் தென்படவில்லை. பெரும்பாலும் திருத்தினால் கொஞ்சம் திருந்தத்தான் செய்கிறார்கள், தகவல் அளவிலாவது. "ஆதாரம் காட்டினால் எதிராகத்தான் போகும்" என்ற செய்தியை நாம் எல்லோரும் உடனே நம்பியதே ஒரு வேடிக்கை. நம் எதிராளி முட்டாள் என்று அது சொல்கிறது, அதனால் "இதை நம்பலாமா" என்றுதான் கேட்டோம்.

பாலாற்று மணல்:
என் கதையைச் சொல்கிறேன், திட்டக் கூடாது. 2014-இல் பாலாற்றை ஒட்டி ஒரு மனை வாங்கினேன். எங்கள் தாத்தா உயிரோடு இருந்தார், ஆறு தன் வழியை மறக்காது என்று சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "நான் பிறந்ததில் இருந்து அதில் லாரிதான் ஓடுது தாத்தா, தண்ணி எங்க ஓடுது." வாணியம்பாடியில் 1903 வெள்ளத்தில் ஊரே போன கதையை அவர் அவருடைய அப்பாவிடம் கேட்டிருக்கிறார், எனக்கு அது ராஜா ராணி கதை. 2021 நவம்பரில் வந்தது பாருங்கள் ஒரு தண்ணீர். காம்பவுண்டுச் சுவர் மொத்தமும் போய், மோட்டார் ரூமில் இடுப்பளவு சேறு. என் 30 வருடத்தை நான் 300 வருடம் என்று நினைத்துவிட்டேன்.

சுவர் போனதுகூடப் பெரிதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஆறு மாதம் அந்தப் பக்கம் ஒருத்தன் மனை கேட்கவில்லை, ரெண்டு கோடை போனதும் பழையபடி கல் நட்டு விற்கிறார்கள். நானே ஒரு நாள், இப்போது விலை குறைவாக இருக்கிறதே, பக்கத்து மனையையும் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். மனைவி ஒரு பார்வை பார்த்தாள், அத்தோடு விட்டுவிட்டேன்.

உளவியல் மாணவி:
எளிதில் நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பது என்று மனம் எடுத்துக்கொள்கிறது, கானெமன், ட்வெர்ஸ்கி 1973-இல் எழுதியது அதுதான். மணல் தினமும் கண்ணில் படுகிறது, வெள்ளம் படுவதில்லை. (மனைவியின் பார்வை பற்றி அவர்கள் எழுதவில்லை.)

தொரப்பாடியான்:
எல்லாம் சரி, நைனாவை என்ன செய்வது? மண்ணில் நடந்தால் சர்க்கரை எப்படிக் குறைகிறது என்று அவரையே விளக்கச் சொன்னால், விளக்க முடியாமல் தானாக இறங்கி வருவார் என்று எங்கேயோ படித்து முயன்று பார்த்தேன். பூமி ஒரு காந்தம், ரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். கடைசியில் எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

உளவியல் மாணவி:
சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அது ரோசன்ப்ளிட், கைல் 2002. ஜிப், பூட்டு, ஃப்ளஷ் தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று எழுதச் சொன்னதும் தமக்கு அது அவ்வளவாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். ஜிப்புக்காக யாரும் மானத்தைப் பந்தயம் வைப்பதில்லையே. அப்பா மகனிடம் வைத்திருக்கிறார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மெர்சியே, ஸ்பெர்பர் என்ற இருவர் 2011-இல் ஒரு வாதம் வைத்தார்கள்: பகுத்தறிவு தனியாக உட்கார்ந்து உண்மையைத் தேட வந்த கருவி அல்ல, அடுத்தவனிடம் தன் நியாயத்தைச் சொல்லவும் அவன் சொல்லும் நியாயத்தை எடை போடவும் வந்தது. அதனால் தன் நியாயத்தை உண்டாக்கும்போது சோம்பேறி, அடுத்தவன் நியாயத்தைப் பார்க்கும்போது கில்லாடி. 2016-இல் மெர்சியேயும் கூட்டாளிகளும் ஒரு குறும்பு செய்தார்கள். ஆட்களிடம் சில தர்க்கக் கேள்விக்குப் பதிலும் காரணமும் எழுதி வாங்கி, கொஞ்ச நேரம் கழித்து, அவர்கள் எழுதியதையே வேறொருவர் எழுதியது என்று கொடுத்தார்கள். மாற்றியதைக் கவனிக்காதவர்களில் பாதிக்கு மேல் தம் சொந்தக் காரணத்தையே "இது செல்லாது" என்று தள்ளினார்கள்! வாத்தியார் சார் போட்ட அட்டைப் புதிரும் அப்படித்தான், தனியாகப் பத்தில் ஒருவர், ஐந்தாறு பேர் சேர்ந்து பேசினால் முக்கால்வாசிக் குழுக்கள் சரியான விடைக்கு வந்துவிடுகின்றன.

வெயிலூரான்:
நைனாவைக் கெடுத்ததும் ஒரு குழுதானே தாயி, வாட்ஸ்அப் குழு.

கணக்கு வாத்தியார்:
நல்ல கேள்வி, முதல் தடவையாக. அந்தக் குழுவில் ஒருவன் அனுப்புகிறான், 40 பேர் கும்பிடு போடுகிறார்கள். மறுத்துப் பேச ஆள் இல்லாத குழு, குழு இல்லை, எதிரொலி.

உளவியல் மாணவி:
ஆமாம் சார். இன்னொன்று, பேசி முடித்து எல்லார் முன்னாலும் "செய்கிறேன்" என்று சொல்ல வைப்பது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு, இதயம் சிறுநீரகம் எல்லாம் சமைக்கச் சொன்னால் பெண்கள் முகம் சுளித்தார்கள். கர்ட் லெவின் ஒரு பாதிக்குச் சொற்பொழிவு வைத்தார், சத்து, சிக்கனம், நாட்டுப்பற்று, சமையல் குறிப்பு எல்லாம். மறு பாதியைச் சும்மா பேசவிட்டு, என்ன தடை என்று அவர்களையே சொல்ல வைத்து, கடைசியில் யார் செய்து பார்ப்பீர்கள் என்று கை தூக்கச் சொன்னார். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் சமைத்தார்கள், பேசியவர்களில் 32.

பாலாற்று மணல்:
ஈரல், குடலுக்கு முகம் சுளித்தார்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம ஊர்க் கறிக்கடையில் போட்டி வாங்கப் போட்டி நடக்கும்.

வெயிலூரான்:
32 என்றால் 68 பேர் மாறவே இல்லையே. அதைச் சொல்லுங்க.

கணியம்பாடி அக்கா:
68 பேரைப் பார்த்துக் கை கட்டி உட்கார்ந்தால் என் வார்டில் வேலை நடக்காது தம்பி. தொரப்பாடி, ஒன்று சொல்கிறேன். நைனாவோடு நடக்க வருபவர்களில் சர்க்கரைக்காரர்கள் இருப்பார்களே. அவர் காலை விடுங்கள், அடுத்தவர் காலைப் பார்க்கத் தெரியுமா என்று கேளுங்கள். நைலான் நூல் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியில் ஆள்காட்டி விரலால் மெல்ல ஒரு நொடி தொட வேண்டும், இரண்டு காலிலும், மொத்தம் ஆறு. இரண்டு இடம் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டும்.

தொரப்பாடியான் (இரண்டு மாதம் கழித்து):
மன்னிக்கவும், ஆளையே காணோம் என்று திட்டியிருப்பீர்கள். அக்கா சொன்னதை நைனாவிடம் நான் நேராகச் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னேன், அம்மா அவர் காதில் போட்டார். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிறு, அவரோடு நடக்கிற ஓய்வுபெற்ற கண்டக்டர் மாமா ஒருவரைக் கூட்டிவந்து திண்ணையில் உட்கார வைத்து, அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். 20 வருடம் பழகியவர்கள், ஆனாலும் அந்த மாமா கூச்சப்பட்டுக் காலை இழுத்தார். நைனா ஆறு விரல் தொட்டார், மாமா மூன்றுதான் சொன்னார். குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டி மறைத்திருந்ததையும் நைனாவே கண்டுபிடித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏறிவிட்டார் பாருங்கள். "படிச்சவன்தானே நீ? வலிக்கலைன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தமா?" வார்த்தைக்கு வார்த்தை என்னுடைய ஏழாம் பக்கம்.

மாமா சொன்னார்: "நீ மெல்லிசாத் தொட்டா எப்படித் தெரியும்?"

உள்ளே அம்மா சிரித்துவிட்டார். நைனா ஒன்றும் பேசவில்லை. அந்த மாமா காலை இன்னும் மடியில் வைத்தபடியே கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பரணில் செருப்பு இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. நாலாம் நாள் அவராகவே, யாரும் கேட்காமலே, "தார் ரோடு இப்பவே சுடுது, வேலூர் வெயிலுக்கு இது நல்லா இருக்குது" என்றார். ஆறரை மணிக்கு என்ன வெயில் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

டைரியில் இன்னும் சிவப்பு மை உண்டு. நடந்து முடித்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் எங்கள் வீட்டு வேப்ப மரத்தடியில் வெறுங்காலோடு நிற்கிறார், காந்தத்துக்காக. முள் இல்லாமல் அம்மா பெருக்கி வைக்கிறார்.

வெயிலூரான்:
அப்போ அவர் மாறலை. செருப்பு மட்டும் மாறிச்சு.

தொரப்பாடியான்:
எனக்கு அது போதும். அக்கா, ஒரு உதவி. கண்டக்டர் மாமாவுக்கும் அதே செருப்பு வேண்டுமாம், நைனாதான் கேட்கச் சொன்னார். கடையில் கேட்கும் அளவு சரியாக இருக்காது என்கிறார், எப்படி அளவு எடுப்பது?

கணியம்பாடி அக்கா:
முதலில் அந்தக் குதிகால் காயத்தைக் காட்டச் சொல்லுங்கள், செருப்பு அப்புறம். அளவுக்கு, ஒரு தாளில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு எடுத்து வாருங்கள். சாயங்காலம் எடுங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கி இருக்கும். பென்சிலை நைனாவே பிடிக்கட்டும்.